கருமாற்ற முறையில் முட்டைகளின் தொகையும் கருவின் தரமும்

சென்ற மாசி மாதத்தில், கிராமம் ஒன்றில் பசுந்தீவனப் பயிர்களைப் பற்றிய செயல்முறை விளக்கத்தை முடித்துக்கொண்டு புறப்படும் சமயத்தில், குடியானவப் பெரியவர் ஒருவர் என்னைத் தம் தொழுவத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே நின்ற கலப்பினப் பசு நாளொன்றுக்கு 20 லிட்டர் பால் தருவது, ஐந்து ஈற்றுக் கண்டது, சாதுவான குணமுடையது. அதனிடமிருந்து கருக்களை எடுத்து வேறு பசுக்களின் கருப்பையில் வைத்து, ஓராண்டிற்குள் நான்கைந்து நல்ல கிடேரிகளைப் பெறவேண்டுமென்பது அவருடைய ஆவல். முதன்முறை எடுத்தபோது ஆறு முட்டைகளே கிடைத்தன. அவற்றுள் நான்கு வைக்கத் தக்கவை என்று கால்நடை மருத்துவர் கூறியிருந்தார்.

“ஐயா, பக்கத்து ஊரில் ஒரு பசுவுக்கு இருபது முட்டை கிடைத்ததாம். ஊசி மருந்தின் அளவைக் கூட்டிப் போட்டால் என் பசுவுக்கும் இருபது கிடைக்கும் என்று தரகர் ஒருவர் சொல்லுகிறார். நிலத்தின் பேரில் கடன் வாங்கியாவது செய்துவிடலாமா என்று பார்க்கிறேன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று அவர் கேட்டார்.

ஊசி போடுவதும் கருவை எடுப்பதும் கால்நடை மருத்துவரின் தொழில். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆயினும், முட்டையின் தொகை வேறு, கருவின் தரம் வேறு என்பதைக் குடியானவருக்கு விளங்க எடுத்துரைப்பது நம் இலாகாவின் கடமையே. இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கருமாற்றம் கிராமங்களை எட்டிவரும் இந்நாளில், பணத்தைக் கட்டுமுன் ஒவ்வொரு மாட்டுச் சொந்தக்காரரும் கேட்டுத் தெளியவேண்டிய விஷயம் இது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

1. கருமாற்றம் என்பது யாது?

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று என்பதே இயற்கையின் ஏற்பாடு. எவ்வளவு சிறந்த பசுவாயினும் தன் ஆயுளில் ஆறேழு கன்றுகளுக்கு மேல் ஈனுவது அரிது. அவற்றிலும் பாதி காளைக் கன்றுகளாகலாம். பொலிகாளையின் விந்தைச் சேமித்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குக் கருவூட்ட முடிகின்றது. சிறந்த தாயின் வழியைப் பெருக்குவதற்கு அத்தகைய உபாயம் நெடுங்காலம் இல்லாதிருந்தது. அக்குறையைத் தீர்க்க வந்ததே கருமாற்றம். உயர்ந்த பசுவில் உண்டான இளங்கருவை எடுத்து, சாமானியமான வேறொரு பசுவின் கருப்பையில் வைத்துச் சுமக்கச் செய்வது இம்முறையாகும். முன்னதைக் கரு தரும் பசு என்றும், பின்னதைக் கரு ஏற்கும் பசு என்றும் இங்கே குறிப்போம். கன்றின் குணங்கள் யாவும் கருவைத் தந்த தாயையும் தந்தைக் காளையையும் சார்ந்தவை. சுமக்கும் பசு இடமும் ஊட்டமும் அளிக்கின்றதேயன்றித் தன் இனக்குணத்தை அளிப்பதில்லை.

இது நேற்றுத் தோன்றிய கலையன்று. 1890-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வால்ட்டர் ஹீப் என்பவர் அங்கோரா முயலின் இளங்கருக்கள் இரண்டை வேறு ஜாதி முயலின் உடலில் வைத்து, அங்கோராக் குட்டிகள் பிறக்கக் கண்டார். மாற்றிய கருவினின்று முதற் கன்று பிறந்த செய்தி 1951-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்திலிருந்து வெளியாயிற்று. 1973-இல், உறையவைத்துப் பின் உருக்கிய கருவிலிருந்து ஒரு கன்றைக் கேம்பிரிட்ஜில் பிறக்கச் செய்தனர். தொடக்கத்தில் பசுவின் விலாவைக் கீறிக் கருவை எடுத்தார்கள். 1970-களின் நடுப்பகுதி முதல், கீறலின்றி, கருப்பை வாயின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தகுந்த திரவத்தால் கழுவி எடுக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. அதன் பின்னரே கருமாற்றம் பண்ணைகளுக்குப் பரவிற்று.

2. முட்டைகள் எங்கிருந்து வருகின்றன?

கோழியைப் போல் பசு நாள்தோறும் புதிய முட்டைகளை உண்டாக்குகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கிடேரிக் கன்று தாயின் வயிற்றிலிருக்கும்போதே அதன் சினைப்பைகளில் முட்டைகளின் கையிருப்பு அமைந்துவிடுகின்றது. பிறக்கும்போது சராசரியாக ஒரு லட்சம் அளவில் நுண்ணிய முட்டைகள் இருக்கும். மாட்டுக்கு மாடு இத்தொகை மிகவும் வேறுபடும். பிறந்தபின் இக்கையிருப்பு குறையுமேயன்றிப் பெருகுவதில்லை. அவற்றுள் மிகச் சிலவே முதிர்ந்து வெளிவரும். மற்றவை உள்ளேயே நலிந்து மறையும்.

முட்டை ஒவ்வொன்றும் நீர் நிறைந்த நுண்பை ஒன்றினுள் வளர்கின்றது. பசுவின் பருவச் சுற்று ஏறத்தாழ 21 நாட்கள். அச்சுற்றில் இரண்டு அல்லது மூன்று முறை, அலை அலையாக, நுண்பைகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. ஒவ்வோர் அலையிலும் ஒன்று மட்டும் முந்திப் பெருக்கும். முந்திய நுண்பை தான் சுரக்கும் பொருள்களால் மற்றவற்றிற்கு வேண்டிய வளர்ப்பு ஹார்மோனைக் குறைத்துவிடுகின்றது. அதனால் மற்றவை வாடிவிடும். நாற்றங்காலில் முந்தி வளர்ந்த நாற்று அருகிலுள்ளவற்றின் உரத்தையும் ஒளியையும் பறித்துக்கொள்வதைப் போன்றது இது.

நுண்பையொன்று உறக்கத்தினின்று எழுந்து, முற்றி, முட்டையை வெளியிடும் வரையில் பல மாதங்கள் செல்லுகின்றன. இன்று கழுவி எடுக்கும் கருவின் முட்டை, மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னரே வளரத் தொடங்கிவிட்டது என்பதை மறத்தலாகாது. அன்று பசு பட்டினி கிடந்திருந்தால், வெயிலில் வாடியிருந்தால், காய்ச்சலுற்றிருந்தால், அதன் பலன் இன்று தெரியும். விதை நெல்லின் தரம் தாய்ப்பயிர் நின்ற வயலில் தீர்மானிக்கப்படுவதை நாம் அறிவோம். முட்டையின் நிலையும் அதுவே.

3. ஊசி செய்வது என்ன?

எஃப்.எஸ்.எச். என்று சுருக்கமாக வழங்கும் வளர்ப்பு ஹார்மோனை, பசுவின் பருவச் சுற்றில் தக்க நாட்பார்த்து, வழக்கமாக நான்கு நாட்கள், காலையும் மாலையும், அளவைப் படிப்படியாகக் குறைத்துச் செலுத்துவார்கள். வாடிப்போக இருந்த நுண்பைகள் இதனால் பிழைத்து, முந்திய ஒன்றுடன் தாமும் வளருகின்றன. இடையே ப்ராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுப் பசுவைப் பருவத்திற்கு வரச் செய்து, பருவம் கண்ட 12-ஆவது மணியிலும் 24-ஆவது மணியிலும் விந்து செலுத்துவார்கள். அதிலிருந்து ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களைச் சேகரிப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஊசி புதிய முட்டைகளைப் படைப்பதில்லை. அவ்வலையில் ஏற்கெனவே கிளம்பி நின்றவற்றை அழியாமற் காக்கின்றதே அதன் வேலை. பத்து நுண்பைகள் கிளம்பிய பசுவில் மருந்தை இரட்டித்தாலும் முப்பது வாரா. ஒரு பசுவின் அலையில் எத்தனை நுண்பைகள் எழும் என்பது பெரும்பாலும் அதனதன் பிறவிக் குணம். முறைக்கு முறை அத்தொகை அதிகம் மாறுவதில்லை. ஒலியலைக் கருவியால் நுண்பைகளை எண்ணியும், ஏ.எம்.எச். என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தும் இதனை முன்கூட்டியே ஒருவாறு அறியலாம். ஆனால் அவ்விரு சோதனைகளும் தொகையைச் சொல்லுமேயன்றி, முட்டையின் தரத்தைச் சொல்லா.

மருந்தை அளவுக்கு மிஞ்சிச் செலுத்தினால் நேரும் கேடுகள் பின்வருவன:

(அ) சினைப்பை மிகப் பெருத்துக் கனத்துவிடும். வெளிவரும் முட்டைகளை ஏந்திக்கொள்ளும் குழாயின் வாய் அதனை முற்றும் தழுவ இயலாமையால், பல முட்டைகள் தவறிப்போகும்.

(ஆ) முட்டைகள் ஒருங்கே வெளிவராமல் முன்னும் பின்னுமாக வரும். விந்து செலுத்தும் நேரம் சிலவற்றிற்குப் பொருந்தும்; சிலவற்றிற்குப் பொருந்தாது. கருவுறாத முட்டைகள் மலியும்.

(இ) வெளிவராமல் நின்றுவிட்ட பெரிய நுண்பைகள் தொடர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதனால் கருப்பைக் குழாயின் நிலை மாறி, கருவுற்றவையும் நலியும்.

4. தொகை சுருங்கும் விதம்

பெரியவருடன் நானும் பக்கத்து ஊருக்குச் சென்று, இருபது முட்டைகள் கிடைத்த பசுவின் சொந்தக்காரரைக் கண்டேன். அவர் மனமுவந்து மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினார். அதில் கண்ட கணக்கையும் பெரியவர் பசுவின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

பக்கத்து ஊர்ப் பசு: கழுவி எடுத்தவை 20. அவற்றுள் கருவுறாதவை 11. கருவுற்றும் வளர்ச்சி நின்று அழிந்தவை 6. வைக்கத் தக்கவை 3. மூன்றையும் மூன்று பசுக்களில் வைத்ததில் சினை நின்றது 1.

பெரியவர் பசு: கழுவி எடுத்தவை 6. கருவுறாதது 1, அழிந்தது 1, வைக்கத் தக்கவை 4. நான்கையும் நான்கு பசுக்களில் வைத்ததில் சினை நின்றவை 2.

பெரியவர் சீட்டை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் முகத்தில் இருந்த ஏக்கம் அப்பொழுதே பாதி நீங்கிற்று.

இரண்டு மாடுகளைக் கொண்டு விதி வகுத்துவிடலாகாது. முட்டையின் தொகைக்கு மதிப்பே இல்லையென்பதும் இதன் கருத்தன்று. நல்ல முறையில் மருந்து செலுத்திய பசுக்களில், பொதுவாக, முட்டை அதிகமானால் நல்ல கருவும் ஓரளவு அதிகமாகும். பல நாடுகளில் கண்ட அனுபவத்தின்படி, ஒரு தடவைக்குச் சராசரியாக ஆறு அளவில் வைக்கத் தக்க கருக்கள் கிடைக்கின்றன. ஆயினும் சராசரி என்பது ஏமாற்றும் எண். ஒரு பசு பதினைந்து தரும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பசு ஒன்றும் தராது. ஆகையால் தரகர் சொல்லும் எண்ணைக் கேட்டவுடன், “இது நுண்பையின் எண்ணா, முட்டையின் எண்ணா, வைக்கத் தக்க கருவின் எண்ணா, சினை நின்ற பசுவின் எண்ணா?” என்று வினவுதல் வேண்டும். களத்து மேட்டில் தூற்றாத பொலியை அளந்து விலை பேசுவார் உண்டோ? தூற்றிப் பதர் நீக்கிய மணியையே அளக்கின்றோம்.

5. கருவின் தரத்தை அறிவது எங்ஙனம்?

ஏழாம் நாட் கரு, மேலுறையுடன் சேர்த்து, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவே உள்ளது. கடுகின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்னலாம். இதனைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, பழகிய கண்ணுடையவர் இரண்டு விஷயங்களைப் பார்க்கின்றனர்.

முதலாவது, வளர்ச்சிப் படி. கருவுற்ற முட்டை ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிந்து, பின்னர் அணுக்கள் நெருங்கித் திரண்டு, மல்பெரிப் பழம் போலத் தோன்றும். அதற்கடுத்து நடுவில் நீர் சேர்ந்து குமிழாகும்; அதனைப் பிளாஸ்டோசிஸ்ட் என்பர். ஏழாம் நாளில் பழநிலையிலோ குமிழ்நிலையிலோ இருத்தல் முறை. அன்றும் எட்டு அணுக்களுடனோ பதினாறு அணுக்களுடனோ நின்றுவிட்டது வளர்ச்சி தடைப்பட்ட கருவேயாகும்.

இரண்டாவது, உருவின் செம்மை. அகில உலகக் கருமாற்றச் சங்கம் வகுத்த முறைப்படி தரம் நான்கு:

முதல் தரம்: உருண்டு, சீராக, நிறம் ஒத்து, அணுத்திரளில் 100-க்கு 85 பங்காவது பழுதின்றி இருப்பது. உறையவைத்துச் சேமிப்பதற்கு இதுவே மிகவும் தக்கது.

இரண்டாம் தரம்: சிறு குறைகள் உள்ளது, பாதியாவது பழுதற்றிருப்பது.

மூன்றாம் தரம்: பெருங்குறைகள் உள்ளது, கால் பங்காவது உயிர்ப்புடன் இருப்பது. உறையவைத்தால் தாங்காது, அன்றே வைத்துவிடல் வேண்டும்.

நான்காம் தரம்: அழிந்தது, அல்லது கருவுறாத முட்டை. வைப்பதற்கு உதவாது.

முதல் தரக் கருவை அன்றே வைத்தால், நல்ல ஏற்கும் பசுக்களில் 100-க்கு 60 அளவில் சினை நிற்பதை எதிர்பார்க்கலாம். −196 பாகை குளிருள்ள திரவ நைட்ரஜனில் உறையவைத்து உருக்கி வைத்தால் இது சிறிது குறையும். மூன்றாம் தரத்தில் பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். கண்ணால் பார்த்து இடும் தரம் உள்ளிருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. அழகிய கருவும் தவறுவதுண்டு, குறையுள்ளதும் கன்றாவதுண்டு. விதை நெல்லை உப்புக் கரைசலில் இட்டு, மிதப்பதை நீக்கி, ஆழ்ந்ததைக் கொள்கின்றோம். ஆழ்ந்ததெல்லாம் முளைத்துவிடுவதில்லை. ஆயினும் சோதியாமல் விதைப்பவனைவிடச் சோதித்து விதைப்பவன் நிச்சயம் நன்மையடைகின்றான்.

6. தரம் கெடுவதற்குக் காரணங்களும் பரிகாரமும்

முதற்காரணம் ஆகாரம். கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில், கறக்கும் பாலுக்கு ஈடான தீவனத்தைப் பசுவால் தின்ன முடிவதில்லை. தன் உடலைக் கரைத்துப் பால் தருகின்றது. அக்காலத்து முட்டைகள் தரம் குறைந்தவை. ஈன்று 60 நாட்களேனும் கழிந்து, இரண்டு பருவங்களாவது ஒழுங்காக வந்த பின்னரே பசுவைக் கருமாற்றத்திற்குக் கொடுத்தல் வேண்டும். எலும்பு தெரியும் பசுவும் ஆகாது. கொழுத்துத் திரண்ட பசுவும் ஆகாது. பிண்ணாக்கையும் யூரியாவையும் மிதமிஞ்சிக் கொடுத்தால் இரத்தத்தில் யூரியா மிகுந்து கருவுக்குத் தீங்கு செய்யும். தாது உப்புக் கலவையும் பசுந்தீவனமும் மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குவது நலம்.

இரண்டாவது வெப்பம். சித்திரை வைகாசி வெயிலில் பசு இளைப்பதைக் கண்ணாரக் காண்கின்றோம். முட்டை இளைப்பதைக் காண்பதில்லை. வெயில் தணிந்த பின்னும் சில வாரங்கள் முட்டைகளின் பழுது நீடிப்பதை இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இளங்கருவுக்கு வெப்பம் மிகவும் ஆகாத காலம் முதல் இரண்டு மூன்று நாட்களே. பழநிலையை அடைந்த கரு வெப்பத்தைத் தாங்க வல்லது. ஆகவே குளிர்காலத்தில் எடுத்துச் சேமித்த கருவைக் கோடையில் வைத்தால், அக்கோடையில் செய்யும் சாதாரணக் கருவூட்டலைவிட நன்கு சினை பிடிப்பது அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் கண்ட உண்மை. கோடை கடுமையான நம் ஜில்லாக்களுக்கு இச்செய்தி பெரிதும் பயன்படும். கரு எடுப்பதற்குக் கார்த்திகை முதல் மாசி வரையில் உள்ள காலம் ஏற்றது. கோடையில் எடுக்க நேரின், அதற்கு முன் இரண்டு மூன்று மாதங்களாவது கூரை நிழலும் தண்ணீர்த் தெளிப்பும் இருந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது நோய். நஞ்சுக்கொடி தங்கிய பசு, கருப்பையில் சீழ் உள்ள பசு, கன்று வீச்சு நோய் கண்ட பசு ஆகியவற்றில் கரு எடுப்பது வீண் செலவு, அபாயமும் ஆகும்.

நான்காவது வயது. பத்து வயதைக் கடந்த பசுக்களில் முட்டையின் தொகையும் தரமும் இறங்கத் தொடங்கும். “இன்னும் ஓர் ஈற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு கரு எடுக்கலாம்” என்று தள்ளிப்போட்டால், நல்ல பசுவின் வழி நம் கைக்கு எட்டாமலே போய்விடும்.

ஐந்தாவது அவசரம். ஒரு முறை எடுத்தபின் ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளி விட்டு மறுமுறை எடுப்பதே முறை. மேலும், கிடேரிக் கன்று மட்டும் வேண்டிப் பால் பிரித்த விந்தைப் பயன்படுத்தினால், அதில் உயிரணுக்கள் குறைவாதலால் கருவுறாத முட்டைகள் மிகும். இதனை முன்னரே அறிந்து செய்தால் ஏமாற்றம் இல்லை.

7. எருமையும் ஆய்வுக்கூட முறையும்

எருமையின் சினைப்பையில் முட்டைகளின் கையிருப்பு பசுவைவிட மிகவும் குறைவு. ஊசி போட்டுக் கழுவினால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நல்ல கருக்கள் கிடைப்பதே பெரிது. பசுவுக்குக் கிடைத்த தொகையை எருமைக்கும் எதிர்பார்த்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. இக்காரணத்தால் எருமைக்கு வேறு வழியை நாடினர். முட்டையை நுண்பையிலிருந்தே ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் முதிரச் செய்து, கருவுறச் செய்து, வளர்ப்பது அவ்வழி. இம்முறையில் ‘பிரதம்’ என்னும் எருமைக் கன்று 1990-இல் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது.

ஆய்வுக்கூட முறையில் நம் நாட்டுத் திமிலின மாடுகள் சிறந்து விளங்குகின்றன. இவற்றின் அலையில் எழும் நுண்பைகளின் தொகை ஐரோப்பிய இனங்களைவிட அதிகம். பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியின் ஓங்கோல் மாடுகள் பிரேசிலுக்குச் சென்று, நெல்லூர் என்ற பெயரிலேயே அங்கே பெருகின. அந்நாடு ஆய்வுக்கூடக் கருவில் உலகின் முன்னணியில் நிற்பதற்கு அவ்வினத்தின் முட்டை வளமும் ஒரு காரணம். எனினும் அங்கும் உறிஞ்சிய முட்டைகளெல்லாம் கருவாவதில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவே ஏழாம் நாட் குமிழ்நிலையை எட்டுகின்றது.

8. மனித மருத்துவத்தில் கண்டது

இவ்வுண்மை மாட்டுக்கு மட்டும் உரியதன்று. பெண்மக்களும் 10 முதல் 20 லட்சம் முட்டைகளுடன் பிறக்கின்றனர்; பூப்பெய்தும்போது 3 அல்லது 4 லட்சமே எஞ்சும்; ஆயுளில் வெளிவருவது ஏறத்தாழ 400. உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த முதற்குழந்தை 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தது. ஊசியின்றி இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையினின்று உண்டான குழந்தை அது. அதன் பின் ஊசியால் பல முட்டைகளைப் பெறும் வழக்கம் வந்தது. 1991 முதல் 2008 வரை பிரிட்டனில் நடந்த நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட சிகிச்சைகளின் கணக்கை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். முட்டைகள் 15 வரை கூடுந்தோறும் குழந்தை பிறக்கும் வாய்ப்புக் கூடிற்று. 15-க்கும் 20-க்கும் இடையே கூடாமல் நின்றது. 20-ஐத் தாண்டியபின் இறங்கிற்று. அளவு மிஞ்சிய தூண்டுதலால் தாயின் உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. வயது ஏறுந்தோறும் முட்டையின் உள்ளமைப்பில் பிழைகள் மிகுவதால், தொகை இருந்தும் தரம் குன்றும். இதில் எவர்மீதும் பழி சொல்ல இடமில்லை. மலடு என்ற சொல்லை வீட்டிலும் தொழுவத்திலும் அவசரமாக வழங்குபவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

9. ஏற்கும் பசு

முதல் தர விதையும் களர் நிலத்தில் பலிக்காது. ஏற்கும் பசு, கரு தரும் பசு பருவம் கண்ட அதே நாளில், அல்லது ஒரு நாள் முன்பின்னாக, பருவம் கண்டிருத்தல் வேண்டும். சினைப்பையில் நல்ல மஞ்சள் திரள் இருப்பதை மருத்துவர் சோதித்து, அது உள்ள பக்கத்துக் கருப்பைக் கொம்பிலேயே கருவை வைப்பார். கரு கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் தொகைக்கு ஏற்ப, நோயற்ற ஏற்கும் பசுக்களைத் தயாராக வைத்திராவிடில், கிடைத்த கரு வீணாகும். அல்லது உறையவைக்கும் செலவு சேரும்.

“சந்தேகத்திற்கு இரண்டு கருவாக வைத்துவிடுங்கள்” என்று கேட்பவர்களும் இருக்கின்றனர். இது பெருந்தவறு. இரட்டைச் சினையில் கருச்சிதைவும், ஈற்றில் துன்பமும், நஞ்சு தங்குதலும் மிகுதி. அன்றியும், காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறக்கும் கிடேரி 100-க்கு 90-க்கு மேல் மலடாகவே இருக்கும். கிடேரிக்காகவே இவ்வளவு செலவும் செய்துவிட்டு, மலட்டுக் கிடேரியைப் பெறுவதில் என்ன பயன்? ஒரு பசுவுக்கு ஒரு நல்ல கரு என்பதே சரியான விதி.

10. கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கருமாற்றத்தின் பலன் பதிவேட்டைப் பொறுத்தது. பசுவுக்குப் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லை இடப்பட்டுள்ளதா, பால் அளவு எழுதப்பட்டு வருகின்றதா, நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடப்பட்டதா என்பவற்றைக் கிராம அதிகாரிகளும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் கவனித்தல் நலம். வாய்ச்சொல்லால் மட்டும் உயர்ந்த பசுவினின்று கரு எடுத்தால், உயர்வு வாய்ச்சொல்லிலேயே நின்றுவிடும். வெளியூரிலிருந்து வரும் தரகர்கள் தொகையைச் சொல்லி முன்பணம் கேட்கும்போது, கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளுமாறு குடியானவர்களுக்குச் சொல்லுவதும் ஊர்ப்பெரியவர்களின் பொறுப்பாகும்.

11. முடிவுரை

மேலே கூறியவற்றின் சாரம் இது:

(1) ஊசி புதிய முட்டையைப் படைப்பதில்லை; உள்ளதைக் காக்கின்றது.

(2) முட்டையை எண்ணாமல், வைக்கத் தக்க கருவையும் சினை நின்ற பசுவையும் எண்ணுக.

(3) கருவின் தரம் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னரே தொழுவத்தில் தொடங்குகின்றது.

(4) மருந்தின் அளவை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

(5) ஒரு பசுவுக்கு ஒரு கருவே வைக்கவும்.

பெரியவர் கடன் வாங்கவில்லை. தரகருக்கு விடைகொடுத்துவிட்டு, தொழுவத்தின் மேற்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டார். கால் ஏக்கரில் வேலிமசாலும் கம்பு நேப்பியர்ப் புல்லும் பயிரிட்டார். மறுமுறை கரு எடுப்பதை மார்கழிக்குத் தள்ளிவைத்துள்ளார். சினை நின்ற இரண்டு பசுக்களும் இவ்விதழ் வெளிவரும் சமயத்தில் ஈனும் நாளை நெருங்கி நிற்கின்றன. “ஆறில் இரண்டு என்றால் குறைவில்லைதானே, ஐயா?” என்று சென்ற வாரம் கேட்டார். குறைவில்லை என்றே சொன்னேன்.